ஒய்.டி. இன்ஜினும் அதன் வெள்ளைப் பஞ்சும்

ஓடுகிற இன்ஜினுக்கு டிரைவர், பயர்மேன் என்று ஆட்கள் உண்டு. ஓடாத இன்ஜினுக்கு நான் ஒருவன்தான். ஒரே பொருளின் பக்கத்தில் நாளெல்லாம் நின்று, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஒரே பதிலைச் சொல்கிற வேலை உங்களில் யாருக்காவது வாய்த்திருந்தால், என் பாடு உங்களுக்குச் சொல்லாமலே புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நடுநடுவே மூச்சு வாங்க நிற்பேன். அது நடிப்பு இல்லை.

வேலைக்கு எடுத்த விதம்

நான் நகரிக்காரன், பெயர் முனிரத்தினம். நைனா தறி நெய்தார். எனக்குத் தறிக்குழியில் உட்கார்ந்தாலே இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று தப்பித்து ஓடி, சித்தூர் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் சேர்ந்தேன். இருபத்தாறு வருஷம் பாய்லர் பார்த்தேன். பிறகு ஆலையை மூடிவிட்டார்கள். பாய்லர் சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு ஒரு ஆறு மாதம் சும்மா திரிந்தேன்.

புத்தூரிலிருந்து திருப்பதி போகிற சாலையில், மலைக்குப் போகும் சென்னைக்காரர்கள் டிபனுக்கு நிறுத்துகிற ஓட்டல் ஒன்று இருக்கிறது. அதன் முதலாளி, பழைய இரும்பில் கைமாறிக் கைமாறி வந்த ஒரு மீட்டர்கேஜ் நீராவி இன்ஜினை வாங்கி, வாசலில் முப்பது முழம் தண்டவாளம் போட்டு நிறுத்தியிருந்தார். அதற்குப் பக்கத்தில் நிற்க விஷயம் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். என் சர்டிபிகேட்டை முதலாளி தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்தார். அதுவரை நான் பார்த்ததெல்லாம் எப்போது வெடிக்குமோ என்று பயந்து பயந்து பார்த்த வேலை. இது வெடிக்காது, யாரையும் இடிக்காது. எனக்கு மனசெல்லாம் குளிர்ந்துபோயிற்று. அதையே முதலாளியும் வாய்விட்டுச் சொன்னார்: "ஏமய்யா, எரியற பாய்லர் பக்கத்துலயே அத்தனை வருஷம் இருந்தவன் நீ. இது ஆறிப்போன பாய்லர். இது உன்னை ஏமி சேஸ்துந்தி? இன்னா செஞ்சிடும்?"

பத்து நிமிஷப் பாடம்

வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு பாடம் கொடுத்தார்கள். இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பினால் சொல்வேன். இது ஒய்.டி. வகை. ஒய் என்றால் மீட்டர்கேஜ், டி என்றால் சரக்கு. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவுக்கென்றே உட்கார்ந்து வரைந்த வகை. காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதிக்குக் குறுகலான தண்டவாளம் இருந்தபோது அங்கே ஓடிய இனம். அந்தத் தண்டவாளம் அதிக எடை தாங்காது. அதனால் பாரத்தை எட்டு சக்கரத்துக்குப் பங்கு போட்டார்கள். வளைவில் வழிகாட்ட முன்னால் இரண்டு சக்கரம், அடுப்பைத் தாங்கப் பின்னால் இரண்டு. நம் ஊர் நிலக்கரியில் சாம்பல் அதிகம் என்று அடுப்பை அகலமாக வைத்தார்கள். பாய்லர் சூடு வீணாகக் கூடாது என்று அதைச் சுற்றி மெத்தை கட்டி, மெத்தைக்கு மேல் தகடு போர்த்தினார்கள்.

மெத்தை என்று சொல்லும்போது தகட்டைக் கையால் தட்டிக் காட்ட வேண்டும். அது முதலாளியின் உத்தரவு. தட்டினால் தகடுகள் சேரும் இடத்தில் துருப்பிடித்த இடுக்கிலிருந்து வெள்ளையாகக் கொஞ்சம் தூள் பறக்கும். வெயிலில் பார்க்க அழகாகவே இருக்கும். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை தட்டியிருப்பேன். ஒரு நாள் பஸ்ஸில் வந்த மொட்டைத்தலைப் பெரியவர் ஒருவர், ஒரு வார்த்தை விடாமல் பாடம் முழுவதையும் கைகட்டிக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "ரொம்ப நல்லா சொன்னப்பா. இதுமேல ஏறி நின்னா எங்க பஸ் கெளம்பிடிச்சான்னு தெரியுமா?"

தேவகியின் அடுப்பு

ஓட்டல் வாசலைப் பெருக்குகிறவள் தேவகி. புத்தூருக்குப் பக்கத்துக் கிராமம், பொழுது விடிந்ததும் வந்துவிடுவாள். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். இன்ஜினுக்கு அடியில் தினமும் வெள்ளைப் பஞ்சு உதிர்ந்து கிடக்கும். "இன்னாண்ணா இது, பெருக்கப் பெருக்கக் கொட்டிக்கினே கீது" என்று ஒரு நாள் அலுத்துக்கொண்டாள்.

எனக்கு அங்கேதான் புத்தி கெட்டது. ஆலையில் நாங்கள் இதைப் பாய்லர் பஞ்சு என்போம். குழாய்களுக்குச் சுற்றியது கிழிந்தால் மிச்சத்தை ஆளுக்கொரு பையில் வீட்டுக்குக் கொண்டுபோய், தண்ணீர் விட்டுப் பிசைந்து விறகடுப்புக்கு உள்பூச்சு பூசுவோம். விரிசல் விடாது, சூடு வெளியே போகாது. ஆலையில் வேலை பார்த்தவன் வீட்டு அடுப்பு என்றாலே எங்கள் தெருவில் ஒரு மரியாதை. அந்தப் பெருமையை நான் தேவகியிடம் அளந்தேன். அளந்ததோடு நிற்காமல், ஒரு பக்கெட் நிறைய உருவி எடுத்து, ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கே போய், என் கையாலேயே பிசைந்து பூசிக் கொடுத்தேன். அவள் வீட்டில் கேஸ் உண்டு. ஆனாலும் சோற்றுக்கும் வெந்நீருக்கும் விறகடுப்புதான். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டுத் தனக்கும் கேட்டாள். அவளுக்கும் பூசினேன். ஒரு வாரம் கழித்து தேவகி ஒரு தூக்குவாளியில் கோழிக்குழம்பு கொண்டுவந்து கொடுத்தாள்: "துன்னு பாருண்ணா. வெறகு பாதிதான் ஆவுது. வெள்ளைக்காரன் இன்ஜினு எங்க வூட்ல ஓடிக்கினு கீது."

பனி

கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியாகப் படம் எடுக்கிற பழக்கம் வந்த பிறகு எங்கள் இன்ஜினுக்கு மவுசு கூடிவிட்டது. திருப்பதி போட்டோகிராபர் ஒருவன் முதலில் புகை கேட்டான். நான் புகைப்போக்கிக்கு அடியில் தேங்காய் மட்டையை ஈரத்தோடு கொளுத்தினேன். புகை நேராக ஓட்டலுக்குள் போய், இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த நாற்பது பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். முதலாளி என்னைத் தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறித் திட்டினார்.

அன்றைக்கு மாப்பிள்ளையோடு வந்திருந்த பெண் நந்தினி, நகரிக்காரி. பவர்லூம் வைத்திருக்கிற குடும்பம். எந்தத் தெரு என்று விசாரித்தால், அவள் தாத்தாவும் என் நைனாவும் தறிக்கு நூல் நீட்ட ஒன்றாகப் பாவு ஓடியவர்கள். அதைச் சொன்னதும் அங்கிள் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் பெரிப்பா என்று மாறிவிட்டாள். எனக்குப் பெண் பிள்ளை கிடையாது. அந்த ஒரு வார்த்தைக்காக என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன், செய்தேன். புகை போன சோகத்தில் எல்லோரும் நிற்கும்போது ஒரு காற்று அடித்தது. இடுக்கிலிருந்த பஞ்சு பொலபொலவென்று உதிர்ந்து அந்த இரண்டு பேர் தலையிலும் விழுந்தது. போட்டோகிராபர் துள்ளிக் குதித்தான். ஓட்டலிலிருந்து பெரிய மின்விசிறியைக் கொண்டுவந்து வைத்தார்கள். நான் பாய்லர் மேல் ஏறி, இரண்டு கையாலும் பிய்த்துப் பிய்த்துப் போட்டேன். புத்தூர் வெயிலில் பனி கொட்டியது.

அந்தப் படம் எல்லோருடைய போனிலும் சுற்றியது. அதன் பிறகு முகூர்த்த மாதங்களில் வாரத்துக்கு மூன்று ஜோடியாவது வந்தது. எல்லோருக்கும் பனி போட்டேன். எத்தனை பேர் என்று இப்போது விரல் விட்டு எண்ணப் பார்க்கிறேன், முடியவில்லை. நந்தினியை மட்டும் மறக்கவில்லை. முகத்தை அண்ணாந்து, வாயைத் திறந்து சிரித்தபடி அவள் கத்தினாள்: "இன்னும் போடுங்க பெரிப்பா! முடியில நிக்கவே மாட்டேங்குது!"

படம்

இன்ஜினில் ஏற மூன்று படி. அந்த மூன்று படிக்கே எனக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. வயசு என்றேன், வெயில் என்றேன், தூசு என்றேன். ராத்திரியில் இருமல் வந்தபோது பனிக்காற்று என்றேன். கடைசியில் என் வீட்டுக்காரி இழுத்துக்கொண்டு போய்த் திருப்பதியில் ஒரு நெஞ்சு டாக்டரிடம் விட்டாள்.

டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டிவிட்டு, சிகரெட் உண்டா என்றார். இல்லை என்றேன். என்ன வேலை என்றார். பெருமையாகச் சொன்னேன். பாய்லர் பஞ்சு என்றதும் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். அது பஞ்சு இல்லை, கல்நார், ஆஸ்பெஸ்டாஸ் என்றார். கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக உடைந்து உள்ளே போகும், போனது வெளியே வராது, நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்து இறுகிப்போகும். எனக்கு இருப்பது ஆலையில் வாங்கியது. மாத்திரை கொடுத்து இருமலைக் குறைக்கலாம், இறுகினதை இளக்க முடியாது. இதைக் கேட்டு நான் பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த நிமிஷம் என் கண்முன் வந்தது என் நுரையீரல் இல்லை. அடுப்பு வந்தது. அண்ணாந்து சிரித்த முகம் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர்களை எல்லாம் கூட்டிவந்து படம் எடுத்துப் பார்த்துவிடலாமா என்று கேட்டேன். டாக்டரம்மா படத்தை விளக்கிலிருந்து கழற்றினார். பிறகு சொன்னார்: "இப்ப எடுத்தா ஒண்ணும் தெரியாதுங்க. இருபது வருஷம், முப்பது வருஷம் ஆகும். எல்லாருக்கும் வரும்னு இல்ல. யாருக்கு வரும்னு என்னால சொல்ல முடியாது."

ஒரிஜினல்

மறுநாளே முதலாளியிடம் போனேன். அந்த மெத்தையை எடுத்தாக வேண்டும், உடம்பு முழுக்க மூடிக்கொண்டு நனைத்து எடுக்கத் தெரிந்த ஆட்கள் எங்காவது இருப்பார்கள், கூப்பிடுங்கள் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. என் வைத்தியத்துக்கு அன்றைக்கே ஏற்பாடு செய்தார். ஒரு பெட்டி மாஸ்க் வாங்கிக் கொடுத்தார். ஆனால் இன்ஜினில் கை வைக்க மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தக் காலத்துல டிரைவருங்க இதுமேலயேதானே இருந்தாங்க, அவங்களுக்கு ஏமாச்சு?" என்று கேட்டார். தெரியாது, யாரும் போய்ப் பார்க்கவில்லை என்றேன். அவருக்கு என் பதில் பிடிக்கவில்லை. வாசலைப் பார்த்துக் கையை நீட்டினார்: "அதி ஒரிஜினல் கதா முனிரத்னம், ஒரிஜினல் இல்லியா! சீமையிலேர்ந்து வந்த சரக்கு. அதை உருவிட்டா மிச்சம் இன்னா, வெறும் தகர டப்பா."

தொடாதீர்கள்

பிறகு நானே செய்தேன். டாக்டரம்மா கூடாது என்று சொன்ன வேலைதான். ஆனால் போன நுரையீரல் இன்னும் எங்கே போகப்போகிறது? கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து, மாஸ்க்கின் மேல் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு, இடுக்குகளில் தண்ணீர் தெளித்து, கோந்தில் ஊறவைத்த சாக்குத்துணியை ஒட்டி, அதன்மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். தட்டிக் காட்டுவதை நிறுத்தினேன். பனி நின்றது. போட்டோகிராபர் என்னோடு பேசுவதை நிறுத்தினான்.

தகட்டைத் தொடாதீர்கள் என்று தமிழிலும் தெலுங்கிலும் பலகை எழுதி வைத்தேன். பலகை இல்லாதபோது பத்துப் பேர் தொட்டார்கள். பலகை வைத்த பிறகு இருபது பேர். ஒருவர் தன் குடும்பத்தையே வரிசையில் நிறுத்தித் தொட வைத்தார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. படிக்கத் தெரியுமா தெரியாதா என்று கத்தினேன். கத்தியதில் இருமல் வந்து, படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே சாவதானமாகச் சொன்னார்: "தொடாதேன்னு போட்டிருந்திச்சா, அப்ப உள்ள இன்னும் சூடு கீதுன்னு நெனைச்சோம்."

இரண்டாவது தடவை பூசியது

தேவகியிடம் சொல்ல எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. தினமும் பார்க்கிறேன், தினமும் வாய் வரை வந்தது திரும்பிப் போய்விடும். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழைத்த களிமண்ணும் சாணியும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அடுப்பை உடைக்கக் கூடாது, உடைத்தால் இன்னும் பறக்கும், ஈரமாக்கி மேலே மண் பூசி, அந்த அடுப்பையே விட்டுவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

நான் பேசி முடிக்கும் வரை தேவகி அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பின் பக்கத்தில் அவளுடைய ஊதுகுழல் சாத்தியிருந்தது. ஒரு முனை கறுத்து, வாய் வைக்கிற முனை பளபளவென்று தேய்ந்திருந்தது. திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்துப் போனவன் நான். அவள் இரண்டும் செய்யவில்லை. வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் பூசினேன். பக்கத்து வீட்டு அடுப்பையும் பூசிவிட்டுக் கையைக் கழுவினேன். மறுநாள் காலையில் வழக்கம்போல வேலைக்கு வந்தவள், இன்ஜினுக்கு அடியில் தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்கினாள். இன்றைக்கும் அப்படித்தான் பெருக்குகிறாள், இன்றைக்கும் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் செருப்பு மாட்டும்போது அவள் கேட்டது இது: "நீயே பூசின, நீயே மூடிட்டண்ணா, சரி. நடுவுல ரெண்டு வருசமா நான் ஊதுனேனே, அதை இன்னா பண்றது?"

பாட்டில்

போன தை மாதம் ஒரு கார் வந்து நின்றது. நந்தினி இறங்கினாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, முதல் மொட்டை அடித்து, தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை. கூடவே அதே போட்டோகிராபர். மலைக்குப் போய்விட்டு வருகிறார்கள். அப்பா அம்மா நின்ற அதே இடத்தில் பிள்ளையை நிறுத்திப் பனியில் படம் எடுக்க வேண்டுமாம். என்னைப் பார்த்ததும் பெரிப்பா என்று ஓடிவந்து குழந்தையை என் கையில் கொடுத்தாள். உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான் என்று தெரியும். தேவகியிடம் ஒன்பது நாள் இழுத்தவன் நான். சிரித்துக்கொண்டே, பனி தீர்ந்துபோய்விட்டது அம்மா என்றேன்.

"அதனால இன்னா பெரிப்பா, நாங்க வெச்சிருக்கோம்" என்று அவள் கைப்பையைத் திறந்து, ஒரு கண்ணாடி பாட்டிலை எடுத்தாள். ஊறுகாய் பாட்டில் அளவு இருக்கும். உள்ளே பாதிக்கு மேல் வெள்ளைப் பஞ்சு. அன்றைக்கு ஞாபகார்த்தமாக எடுத்துப்போய் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார்களாம். அவள் மூடியைத் திருக ஆரம்பித்தாள். நான் குழந்தையை அவள் புருஷன் கையில் திணித்துவிட்டு, பாட்டிலை வெடுக்கென்று பிடுங்கினேன். குழந்தை வீறிட்டது. புருஷன் என் சட்டையைப் பிடித்தான். முதலாளி கல்லாவை விட்டு இறங்கி ஓடிவந்தார். பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இன்ஜின் படியில் உட்கார்ந்து, இருமலுக்கு நடுவே எல்லாவற்றையும் சொன்னேன். அது என்ன, எங்கே போகும், எத்தனை வருஷம் கழித்துத் தெரியும், அன்றைக்கு மேலே ஏறிப் பிய்த்துப் போட்டவன் யார் என்று ஒன்றும் விடவில்லை.

புருஷனின் கை என் சட்டையிலிருந்து தானாகத் தளர்ந்தது. போட்டோகிராபர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். முதலாளி முதல் தடவையாக இன்ஜினிலிருந்து நான்கு அடி தள்ளி நின்றார். நந்தினி மட்டும் குழந்தையைப் புருஷனிடமிருந்து வாங்கி, அதன் முதுகைத் தட்டிக்கொண்டே, என் மடியிலிருந்த பாட்டிலைப் பார்த்து ரொம்ப மெதுவாகச் சொன்னாள்: "பாப்பா அழுதா அதைத்தான் தெறந்து காட்டுவேன் பெரிப்பா. உடனே சிரிச்சிடுவா."

ஓடுகிற இன்ஜினுக்காவது எதிரில் நிற்கிறவனை விலகச் சொல்லி அலற ஒரு விசில் இருந்தது. ஓடாத இதற்கு நான்தான் விசில், அதற்கும் இப்போது மூச்சு போதவில்லை.